டிராகன் பறக்கட்டும், கதவு சரியாக இருக்கட்டும்

வீடியோ கேம்களில் வரும் வீடு, தெரு, காடு, கோட்டை ஆகியவற்றை வடிவமைப்பது என் பிழைப்பு. நிஜ உலகில் நடக்கும் கேம் மேலா, கற்பனை உலகில் நடப்பது மேலா என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, மந்திரமும் பேயும் வந்துவிட்டாலே அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், பெரியவர்களுக்கு நிஜ உலகக் கேம்தான் என்று என் அறை நண்பன் அடித்துச் சொல்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: பதிலே சொல்ல வேண்டாம். போலந்து நிறுவனம் ஒன்று 2015-இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' கேமை அவரிடம் கொடுத்து, வெலன் சதுப்பு நிலத்துப் பிரபுவின் கதை வரும்வரை விளையாடச் சொல்லுங்கள். அந்தப் பிரபு குடிகாரர், மனைவியை அடிப்பவர். மனைவியும் மகளும் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள். கருவிலேயே கலைந்த குழந்தையைப் பெயரும் சடங்கும் இல்லாமல் புதைத்ததால் அது பேயாகத் திரிகிறது. நாம் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், அவரே அந்தப் பேயைக் கையில் ஏந்தி, இரவில் வீடுவரை நடந்து, அதற்குப் பெயர் சூட்டி, வாசற்படியின் கீழ் புதைக்க வேண்டும். ஸ்லாவிய நாட்டுப்புற நம்பிக்கைகளை ஒட்டி எழுதிய காட்சி. பேயை எடுத்துவிட்டு எழுதியிருந்தால் குற்ற உணர்வைப் பற்றி நாலு வசனம் பேசியிருப்பார். இங்கே அதைச் சுமந்துகொண்டு நடக்கிறார்.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' வாங்கினேன். ஒரு மணி நேரம் ஆடியதை நினைத்த இடத்தில் சேவ் செய்யக்கூட முடியவில்லை. நிஜம் என்ற பெயரில் இது வதை இல்லையா?

பதில்: பாதி வதைதான். தெரியாதவர்களுக்காக: செக் நாட்டின் வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. கதை நடப்பது 1403-ஆம் ஆண்டு, அதே நாட்டின் பொஹீமியாப் பகுதியில். மந்திரம் கிடையாது, டிராகன் கிடையாது. நாயகன் ஹென்றி ஒரு கொல்லன் மகன். நினைத்த இடத்தில் சேவ் செய்ய வேண்டுமென்றால் ஒரு வகைச் சாராயத்தைக் குடிக்க வேண்டும்; அடுத்தடுத்துக் குடித்தால் ஹென்றிக்குப் போதை ஏறிவிடும். சொந்தப் படுக்கையில் தூங்கினாலும் சேவ் ஆகும். பலர் முறையிட்ட பிறகு, வெளியேறும்போது சேவ் செய்யும் வசதியைச் சேர்த்தார்கள். உங்கள் கேமை அப்டேட் செய்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் ஒரு விஷயத்துக்காக அந்த கேமை நான் மன்னித்துவிட்டேன். ஹென்றிக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். எழுத்தர் ஒருவரிடம் பாடம் கேட்டு, மேலும் மேலும் படிக்கப் படிக்கத்தான் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். முதன்முதலாக ஒரு வரி முழுதாகப் புரிந்தபோது, பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயரைச் சிறு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்த நாள் ஞாபகம் வந்தது. கொல்லன் மகனுக்கு அன்று எழுத்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை எந்த வசனமும் இல்லாமல் புரியவைத்துவிட்டார்கள்.

அதே ஹென்றி விசிலடித்தால் குதிரை எங்கிருந்தோ ஓடிவந்து நிற்கும்! அதை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை. எதை நிஜமாக வைப்பது, எதில் விட்டுக்கொடுப்பது என்ற தேர்வு எல்லா 'நிஜ' கேமிலும் உண்டு. எழுத்தறிவில் அவர்கள் தேர்வு அபாரம். சேவ் விஷயத்தில் காட்டியது வீம்பு.

கேள்வி: பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயம் எரிந்த பிறகு, ஒரு வீடியோ கேமை வைத்துத்தான் மறுபடியும் கட்டினார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: இல்லை. 2014-இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி'யைச் சொல்கிறீர்கள். அதில் அந்தத் தேவாலயத்தை உருவாக்க ஒரு கலைஞர் ஏறக்குறைய 2 ஆண்டுகள் செலவிட்டார் என்பது உண்மை. 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பிறகு அந்த கேமை வெளியிட்ட நிறுவனம் 5 லட்சம் யூரோ நன்கொடை அளித்ததும் உண்மை. ஆனால் அந்தக் கட்டடம் கேமுக்காகச் செய்தது, அளவெடுத்துச் செய்த நகல் அல்ல. நுட்பமான லேசர் அளவீடு கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் எடுத்து வைத்திருந்தது. தீவிபத்துக்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

ஒரு வேடிக்கையும் உண்டு. கேமின் கதை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கிறது. கேமில் கூரைமேல் நிற்கும் ஊசிக் கோபுரமோ 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியொலே லெ துய்க் கட்டியது. புரட்சிக் காலத்தில் அது கிடையாது. ஆனால் கோபுரம் இல்லாமல் காட்டியிருந்தால் 'தப்பாகச் செய்துவிட்டார்கள்' என்று பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். நிஜ இடத்தை எடுத்தால் வரலாற்றோடும், ஆடுகிறவர் மனத்தில் இருக்கும் அஞ்சல் அட்டைப் படத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

கேள்வி: நிஜ ஊரை அப்படியே கேமில் வைக்க அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், வழக்கறிஞரைக் கேளுங்கள். தொந்தரவுக்கு மட்டும் உதாரணம் சொல்கிறேன். 'ஆர்மா 3' என்ற ராணுவ கேம் கிரேக்கத்தின் லிம்னோஸ் தீவை மாதிரியாகக் கொண்டது. அதை உருவாக்கிய செக் நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர் 2012-இல் அந்தத் தீவில் உளவு பார்த்ததாகக் கைதாகி, 2013 ஜனவரியில்தான் ஜாமீனில் வெளியே வந்தார்கள். விடுமுறைக்குப் போயிருந்தோம் என்பது அவர்கள் தரப்பு. கேமில் அந்தத் தீவின் பெயர் 'ஆல்டிஸ்' என்று மாறிவிட்டது. 2017-இல் தன் நாட்டைப் போதைப்பொருள் கும்பலின் பிடியில் இருப்பதாகக் காட்டிய ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கேமுக்காக பொலிவியா பிரெஞ்சுத் தூதரகத்தில் புகார் கொடுத்தது. டிராகன்களுக்குத் தூதரகம் இல்லை.

கேள்வி: கேமில் சாதாரணக் குடிசைக்குள் நுழைந்தாலும் கல்யாண மண்டபம் போல இருக்கிறதே, ஏன்?

பதில்: என் காயத்தைக் கிளறிவிட்டீர்கள். முதல் வேலையில் ஒரு கிராமத்து வீட்டைச் செய்யச் சொன்னார்கள். எங்கள் பாட்டி வீட்டுக்கு டேப்போடு போய் நிலை, திண்ணை, முற்றம், அடுக்களை எல்லாவற்றையும் அங்குலம் தவறாமல் அளந்து வந்து செய்தேன். படத்தில் அச்சு அசல். ஆடிப் பார்த்தால் கேமரா கேரக்டரின் முதுகுக்குப் பின்னால் வருகிறதல்லவா, அது சுவருக்குள் புகுந்துவிட்டது. அடுக்களையில் திரும்பினால் திரை முழுக்கத் தலைமுடிதான். நிலையை உயர்த்தி, அறையை ஒன்றரை மடங்காக்கி, முற்றத்தை அகட்டினேன். அதன் பிறகுதான் பார்த்தவர்கள் 'அப்படியே எங்கள் ஊர் வீடு' என்றார்கள். அளவு பொய்யாகிவிட்டதே என்று பாட்டியிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளையில் உனக்கு அந்த வீடு அவ்வளவு பெரிதாகத்தானே தெரிந்தது" என்றார்.

கேள்வி: என் மகன் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' ஆடிவிட்டு ஜப்பான் வரலாறே தெரியும் என்கிறான். நம்பலாமா அக்கா?

பதில்: 1274-இல் மங்கோலியர்கள் சுஷிமா தீவில் இறங்கியது நிஜம். நாயகன் கற்பனை. அவன் எழுதும் ஹைக்கூ கவிதை வடிவம் சில நூற்றாண்டுகள் கழித்து வந்தது. ஆனாலும் சுஷிமா நகரம் அந்த கேமை அமெரிக்காவில் உருவாக்கிய இருவரைத் தன் சுற்றுலாத் தூதர்களாக்கிக்கொண்டது. தம்பி ஆடட்டும், அந்தத் தீவை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கிராஃபிக்ஸ் நிஜம் போல இருந்தால் போதாதா?

பதில்: 2020-இல் வந்த 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்' உலகம் முழுவதையும் நிஜத் தகவல்களிலிருந்து எழுப்பியது. மெல்போர்னில் ஒரு வீட்டுக்கு 2 மாடி என்பதை யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் யாரோ 212 என்று அடித்திருக்க, அந்த வீடு 212 மாடிக் கோபுரமாக ஊசி போல நின்றது. விமானத்தை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கவே கூட்டம் போனது.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டுக்கு ஒரு சிறிய கேம் செய்கிறோம். நிஜ உலகமா, கற்பனையா என்று குழுவில் சண்டை. நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள் அக்கா.

பதில்: தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். ஆடுகிறவர் பார்ப்பது, இங்கே ஒரு விதி இருக்கிறதா, அது எப்போதும் செல்லுகிறதா என்பதைத்தான். நிண்டெண்டோவின் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' முழுக்கக் கற்பனை. ஆனால் இடியிடிக்கும்போது இரும்பு வாளைப் பிடித்திருந்தால் மின்னல் தாக்கும். புல்லில் தீ வைத்தால் சூடான காற்று மேலே எழும், அதில் ஏறிப் பறக்கலாம். தூரங்களைத் தீர்மானிக்க, கேமின் வரைபடத்தின்மேல் தான் நடந்து பழகிய கியோட்டோ நகரின் வரைபடத்தை வைத்துப் பார்த்தார் இயக்குநர்.

எனக்குப் பிடித்த உதாரணம் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. அண்ணன் தம்பி இருவர் செய்த குள்ளர்களின் உலகம். அதில் ஒரு சமயம் பூனைகள் காரணமில்லாமல் செத்தன. தேடிப் பார்த்தால், மதுக்கடையில் சிந்திய மதுவில் பூனைகள் நடக்கின்றன, பிறகு பாதத்தை நக்கிச் சுத்தம் செய்கின்றன, போதை தலைக்கேறுகிறது. நக்கியதை முழுக் குவளை என்று நிரல் கணக்கிட்டதுதான் பிழை. மற்றதெல்லாம் பூனையின் சரியான குணம்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே ஒரு அறை. அதில் தண்ணீர், தீ, ஒரு விலங்கு. ஒன்று மற்றொன்றைத் தொட்டால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாள் நிரம்பிய பிறகு அந்த விலங்கு பூனையா, டிராகனா என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கேமராவுக்கு மட்டும் இடம் விட்டுக் கட்டுங்கள்.