ஒப்புக்கொள்ள 45 வருடம்

கேள்வி: ‘புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும், சிகரெட் ஆளை அடிமையாக்கும்’ என்று மார்ல்பரோ தயாரிக்கும் பிலிப் மோரிஸே தன் இணையதளத்தில் எழுதியிருக்கிறதாமே! நம் அரசியல்வாதிகளை விட இவர்கள் நேர்மையானவர்கள் இல்லையா? (நான் பிடிப்பது, லேசானது என்று விற்கும் ‘லைட்ஸ்’ வகை மட்டும்தான்.)
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அரசியல்வாதிகள் இருக்கட்டும், அவர்களுக்கு இந்தப் பக்கத்தில் வாராவாரம் இடம் உண்டு. நேர்மைக்கு வருகிறேன்.

சிகரெட் புகையில் இருக்கும் பிசுபிசுப்பான ‘தார்’ என்ற கழிவை எலிகளின் முதுகில் தடவினால் புற்றுக்கட்டி வருகிறது என்று ஆய்வாளர்கள் 1953-ல் காட்டினார்கள். அந்த டிசம்பரிலேயே அமெரிக்க சிகரெட் கம்பெனி முதலாளிகள் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். கூடி, யாரைக் கூப்பிட்டார்கள்? டாக்டரையா? ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பரத் தொடர்பு நிறுவனத்தை. 1954 ஜனவரி 4 அன்று 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. மக்களின் ஆரோக்கியம்தான் எங்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம், எங்கள் சரக்கு உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று நம்புகிறோம், ஆனாலும் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்றது அது. பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பிலிப் மோரிஸும் உண்டு.

வெளியே இப்படி. உள்ளே? பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற இன்னொரு சிகரெட் கம்பெனியின் வக்கீல் 1963-லேயே, ‘நாம் விற்பது நிக்கோட்டின், அது அடிமைப்படுத்தும் போதைப்பொருள்’ என்று எழுதி வைத்துவிட்டார். அதே கம்பெனியின் 1969 குறிப்பு ஒன்று ‘சந்தேகம்தான் நம் சரக்கு’ என்கிறது. இதெல்லாம் ஃபைலில் தூங்க, 1994 ஏப்ரலில் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, நிக்கோட்டின் அடிமைப்படுத்தாது என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். பிலிப் மோரிஸ் தலைவரும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

சரி, நீங்கள் மெச்சும் அந்த ஒப்புதல் எப்போது வந்தது? 1999 அக்டோபரில். அதற்கு முந்தைய வருடம்தான் புகைநோய் மருத்துவச் செலவு வழக்குகளில் 46 அமெரிக்க மாநிலங்களோடு சமரசம் பேசி, 20,000 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சிகரெட் கம்பெனிகள் கையெழுத்திட்டிருந்தன. ரகசியக் காகிதங்கள் சந்திக்கு வந்திருந்தன. செப்டம்பரில் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. அடுத்த மாதம் ஞானோதயம்! அதிலும் வாக்கியத்தைப் பாருங்கள்: சிகரெட்டால் புற்றுநோய் வருகிறது என்று ‘மருத்துவ, அறிவியல் உலகில் பெருவாரியான ஒத்த கருத்து இருக்கிறது’. நான் திருடியதாக ஊரே பேசிக்கொள்கிறது என்று திருடன் சொல்கிற மாதிரி. ‘நாங்களும் அதை ஏற்கிறோம்’ என்ற சொற்களுக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

இந்த ஒப்புதலால் கம்பெனிக்கு ஒரு லாபமும் உண்டு. நாளைக்கு ஒருவர் கோர்ட்டுக்குப் போனால், ‘நாங்கள்தான் அப்போதே சொன்னோமே’ என்று கைகாட்டலாம். ஒப்புக்கொள்வதற்கு முன்பே பழியை எதிராளி மேல் போட்டவைதான் சிகரெட் கம்பெனிகள். நியூஜெர்சியின் ரோஸ் சிப்பொலோன் 16 வயதில் சிகரெட் பிடிக்க ஆரம்பித்தவர். ‘டாக்டர் சொன்னது இதைத்தான்’ என்ற பாணியில் வந்த விளம்பரத்தை நம்பி எல் அண்ட் எம் பிராண்டுக்கு மாறினார். நுரையீரல் புற்றுநோய் வந்து, வழக்குப் போட்டு, 1984-ல் செத்தும் போனார். 1988-ல் ஜூரி தீர்ப்பு சொன்னது: 80 சதவீதத் தப்பு அந்த அம்மாளுடையது! கணவருக்கு என்று தீர்ப்பான 4 லட்சம் டாலரும் அப்பீலில் போய்விட்டது. சிகரெட்டால் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை என்பது கம்பெனியின் பேச்சு. அது கெடுதல் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா என்பது கம்பெனி வக்கீலின் பேச்சு. இரண்டும் ஒரே கோர்ட்டில்.

அமெரிக்க அரசு 1999-ல் போட்ட அந்த வழக்கில் 2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் பல்லாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்து, உண்மையைச் சொந்தக் காசில் விளம்பரம் செய்யச் சொன்னார். எந்த வார்த்தையைப் போடுவது, எதை எடுப்பது என்று அப்பீல் மேல் அப்பீல் போட்டு 11 வருடம் ஓட்டினார்கள். 2017 நவம்பரில்தான் விளம்பரம் வந்தது. புகையால் தினமும் சராசரியாக 1,200 அமெரிக்கர்கள் சாகிறார்கள் என்று அதில் இருந்தது.

அப்புறம், அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட லைட்ஸ். அது மற்றதைவிடப் பத்திரமானதில்லை என்று தெரிந்தே விற்றார்கள் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஒன்றை எடுத்து, ஃபில்டரைச் சுற்றிய தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசியால் குத்தினாற்போல் வட்டமாகத் துளைகள் தெரியும். சோதனை மெஷின் இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியாகக் காற்று கலந்து, தார் குறைவாகப் பதிவாகும். மெஷினுக்கு உதடும் இல்லை, விரலும் இல்லை. அடுத்த முறை பற்றவைக்கும்போது உங்கள் இரண்டு விரல்களும் எந்த இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கின்றன என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.