கீழ்வீட்டு ஆண்ட்டியிடம் சொல்லிவிட்டு ஓடுங்கள்

கேள்வி: அன்புள்ள ஆசிரியர் அக்கா, எனக்கு வயது 41, எடை 86 கிலோ. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்தேன். படியேறும்போது மூச்சு வாங்கி ஐந்து இடத்தில் நின்றுவிட்டேன். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று கிளினிக்கிலும் சொல்லிவிட்டார்கள். சரி, ஓடிப் பார்ப்போம் என்று ஒருநாள் சாயங்காலம் பிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி ஓடினேன். இரண்டாவது சுற்றில் ஒரு பையன், "என்னக்கா, பஸ் போயிருச்சா?" என்று கேட்டான், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு சரி. இனி வீட்டுக்குள்ளேயே ஓடலாம் என்று நினைக்கிறேன். தவணையில் 2,500 வெள்ளிக்கு ஒரு டிரெட்மில் வருகிறது, வாங்கலாமா? "வீட்டுக்குள்ள ஓடுறதெல்லாம் ஒரு ஓட்டமா?" என்கிறார் என் வீட்டுக்காரர். வெளியே போக வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். அப்போது வெளியே போய் ஓடுவதுதான் குற்றம். கோலாலம்பூரில் அப்படி ஓடியவர்களைப் பிடித்து நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். நாமெல்லாம் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அதே மாதம் பிரான்ஸில், துலூஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் தன் வீட்டு பால்கனியில், அது வெறும் ஏழு மீட்டர் நீளம், இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக ஓடி ஒரு முழு மாரத்தான் தூரத்தை, 42 கிலோமீட்டரை, முடித்தார். அது ஓட்டம் என்றால் உங்கள் ஹாலில் ஓடுவதும் ஓட்டம்தான். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, இல்லையென்றால் 75 நிமிஷம் மூச்சு வாங்கும் பயிற்சி போதும் என்கிறது. அதை எங்கே செய்யவேண்டும் என்று அது கேட்கவில்லை. ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு விதி இருந்தது, 2020-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அடுத்து அந்த வெட்கம். அதைக் கொஞ்சம் கிளறப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி.

தண்ணீர்மலையில் 513 படி. பூசத்தன்று வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு, புடவை கசங்கி, முகமெல்லாம் வியர்வை வழிய நீங்கள் ஐந்து இடத்தில் நின்றீர்கள். உங்களைக் கடந்து போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அன்றைக்கு வெட்கம் வந்ததாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏனென்றால் அந்த மூச்சிரைப்புக்கு என்ன காரணம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். கார் நிறுத்தும் இடத்தில் அது தெரியாது. நம் ஆட்களின் கணக்கில் ஒரு பெண் ஓடுகிறாள் என்றால் பஸ் போயிருக்கவேண்டும், பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்கவேண்டும், இல்லை நாய் துரத்தியிருக்கவேண்டும். சும்மா ஓடுவாள் என்பது அந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை. அந்தப் பையன் கேட்டது கெட்ட கேள்விதான், ஆனால் அதை அவனாகக் கண்டுபிடிக்கவில்லை, நம் வீடுகளில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான்.

அதனால் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் மாடியில் வேறொருத்தி இப்படி ஓடியிருந்தால் போன வருஷம் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் என்ன சொன்னேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமானில் ஒரு அம்மா தினமும் இரண்டு கையையும் வாத்து மாதிரி வீசிக்கொண்டு வேகமாக நடப்பார். அதை என் தங்கைக்கு அடுப்படியில் நடித்துக் காட்டி, தே தாரிக் மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தவள் நான். மூன்று வருஷம் கழித்து நான் ஓட ஆரம்பித்தபோது கதவைச் சாத்தினேன், திரையையும் இழுத்து விட்டேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவை நான் எந்தக் கண்ணால் பார்த்தேனோ அந்தக் கண்தான் என்னைத் துரத்தியது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2000-ல் வெளியிட்டது. ஒரு மாணவரிடம், போட்டுக்கொள்ளவே கூச்சப்படும் ஒரு டீ-சட்டையைக் கொடுத்து (பாரி மணிலோ என்ற பாடகரின் முகம் போட்டது, அந்த வயசுப் பிள்ளைகளுக்கு அது மானக்கேடு), மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், போட்டவர்கள் பாதிப்பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். கால்வாசிப் பேராவது கவனித்தார்கள் பாருங்கள், அதனால் "யாருமே உங்களைப் பார்ப்பதில்லை" என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். உங்களைப் பார்த்தார்கள், சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். சிரித்த கூட்டத்தில் உங்கள் கட்சிக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

சரி, உள்ளேயே ஓடுங்கள். ஆனால் அங்கே ஒளிந்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிளாட்டில் கண்ணிலிருந்து தப்பினால் காதில் மாட்டிக்கொள்வோம். 86 கிலோ ஹாலில் தொம் தொம் என்று குதித்தால் கீழ்வீட்டில் மின்விசிறியே ஆடும். நான் சொல்கிற மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

டிரெட்மில் வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். 1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் கைதிகளை வேலை வாங்க மிதிசக்கரம் ஒன்றைச் செய்து சிறையில் வைத்தார், இன்றைக்கு நாம் தவணை கட்டி வாங்குவது அதன் பேத்தி. மூன்று மாதம் விடாமல் ஓடிய பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். ஓடத் தொடங்கும் முன்பே வாங்கியவர்கள் வீட்டில் அதன்மேல் என்ன காய்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை, இப்போது மழைக்காலம் வேறு.

செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் சப்பாத்தில் செலவழியுங்கள். வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் ஓடாதீர்கள், பத்து நிமிஷத்தில் வியர்வை சொட்டி வழுக்கும், ஒரு மாதத்தில் குதிகால் பேச ஆரம்பிக்கும். வீட்டுக்குள் சப்பாத்தா, அதுவும் சாமி மேடை இருக்கிற ஹாலிலா என்று உங்கள் மாமியார் கேட்பார். என் அம்மா கேட்டார். புதுச் சப்பாத்தைப் பெட்டியிலிருந்து அவர் கண்ணெதிரே எடுத்து, அடியைத் திருப்பிக் காட்டி, இது வாசல் தாண்டாது என்று சொன்னேன். அவர் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார், தூசி இல்லை. அப்புறம் சாமி மேடைக்கு முன்னால் மட்டும் ஓடாதே என்று ஒரு நிபந்தனை போட்டு விட்டுவிட்டார். இன்றைக்கும் அந்தச் சப்பாத்து துணி அலமாரிக்குள்தான் இருக்கிறது. அப்புறம் உள்ளே போட்டுக்கொள்வது, ஓட்டத்துக்கென்றே விற்கும் இறுக்கமான பிரா ஒன்று வாங்குங்கள். உங்கள் எடையில் சப்பாத்துக்கு அடுத்த முக்கியம் அதுதான், இதை ஆண் ஆசிரியர்கள் யாரும் எழுதமாட்டார்கள். குழந்தைகளுக்கு விரிக்கும் தடித்த ரப்பர் பாய் நாலு துண்டு கீழே போட்டால் சத்தமும் குறையும், முட்டிக்கும் நல்லது.

எப்படி ஓடுவது என்பதற்கு ஜப்பான்காரர்களைக் கேட்கலாம். ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் ஹிரோஆகி தனாகா என்ற பேராசிரியர் மெதுவோட்டம் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். அதன் வேகத்துக்குப் பெயர் நிக்கோ நிக்கோ, அதாவது சிரித்த முகத்தோடு ஓடுகிற வேகம். ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் கதை பேச முடியவேண்டும், முடியவில்லை என்றால் வேகம் அதிகம். அடி குட்டிக் குட்டியாக, நிமிஷத்துக்கு 180 வரை, குதிகால் அல்ல, பாதத்தின் முன்பகுதி முதலில் தரையில் படவேண்டும். இதில் உங்களுக்கு இரட்டை லாபம். முட்டியில் அடி குறையும், கீழ்வீட்டுக்கும் கேட்காது. சத்தம் வருகிறதென்றால் தப்பாக ஓடுகிறோம் என்று அர்த்தம், பயிற்சியாளருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, உங்கள் காதே போதும்.

முதல் வாரம் ஐந்து நிமிஷம் வீட்டுக்குள் வேகமாக நடந்துவிட்டு, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிஷம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாள் விட்டு. இது 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் சோபாவிலிருந்து எழுந்து வருபவர்களுக்காகப் போட்ட ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரம். நின்ற இடத்திலேயே ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், உடம்பை முன்னால் தள்ளுகிற வேலையும் இல்லை. அதனால் முடிந்த மட்டும் ஹாலிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து அடுப்படிக்கு என்று சுற்றுங்கள், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள், ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் ஒரு கால் மட்டும் வலிக்கும். மின்விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். வெளியே ஓடும்போது நாமே காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம், உள்ளே அந்தக் காற்று கிடையாது, சீக்கிரமே உடம்பு கொதித்துப்போகும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அப்படியே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இனிப்பு நீருக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தால் ஓடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் சர்க்கரையைக் கடகடவென்று இறக்கிவிடும்.

என்றைக்காவது வெளியே போகத் தோன்றினால் (தோன்றாவிட்டாலும் குறையில்லை, புகைமூட்டக் காலத்தில் நாங்கள் எல்லோருமே உங்கள் வழிக்குத்தான் வரவேண்டும்) காலை ஆறரைக்குப் போங்கள். 1982 ஜனவரி 1-ல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள், அதனால் பினாங்கில் சூரியன் ஏழு மணியைத் தொட்டுத்தான் எட்டிப் பார்க்கிறது. ஆறரை மணி இருட்டில் 86 கிலோவும் 56 கிலோவும் ஒன்றுதான். ஆனால் தனியாகப் போகாதீர்கள், தாவரவியல் பூங்காப் பக்கம் போனால் கையில் பிளாஸ்டிக் பை வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே குரங்குகள் அதைத்தான் பார்க்கும், உங்களை அல்ல.

வீட்டுக்குள் என்றால் அந்த நேரம் ஆகாது, கீழே எல்லோரும் தூங்குவார்கள். சாயங்காலம் ஏழிலிருந்து ஏழரை நல்ல நேரம், எல்லா வீட்டிலும் டிவி அலறும். ஆரம்பிப்பதற்கு முந்தின நாளே கீழ்வீட்டுக்குப் போய், இன்ன நேரத்தில் ஓடப்போகிறேன், சத்தம் கேட்டால் கதவைத் தட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்படுகிறவர்களுக்கு இதுதான் கஷ்டமான வேலை, ஓடுவதைவிட. வெறுங்கையோடு போகாதீர்கள், முறுக்கு கொண்டுபோங்கள். நான் எங்கள் கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டிக்கு ஒரு கட்டு அப்பளம் கொண்டுபோனேன், பொரிக்கவேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன், அவர் மரியாதைக்கு என் எதிரிலேயே ஒன்றை எடுத்துப் பச்சையாகக் கடித்து, கண்ணை மூடி, "சுவையாக இருக்கிறது" என்றார்.