கண்டமான பஸ் எங்கே போகிறது? மூலக்கடையிலிருந்து சில பதில்கள்

வட சென்னை மூலக்கடையில் 26 வருஷமாகப் பழைய பஸ் வாங்கி விற்கிறேன், உடைத்தும் இருக்கிறேன். என்னிடம் கேட்டவர்களுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, அப்பா தண்டையார்பேட்டை டிப்போவில் டிரைவர். அவர் ஓட்டிய வண்டி இன்னும் எங்கேயாவது ஓடுமா? (கொருக்குப்பேட்டை)

முழு வண்டியாக ஓடாது தம்பி. கண்டம் செய்த, அதாவது இனி ஓட லாயக்கில்லை என்று ஒதுக்கிய அரசு பஸ், எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனம் மூலம் இணைய ஏலத்துக்குப் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிக்குப் பதிவே செல்லாது. அனுமதி பெற்ற உடைப்புக் கூடத்துக்குத்தான் போகவேண்டும். அதற்கு முன்னால் ஏலத்தில் எடுத்து நானும் உடைத்திருக்கிறேன். முதலில் சீட், கண்ணாடி. அப்புறம் உளி வைத்து ரிவெட்டைத் தெறிக்கவிட்டு அலுமினியத் தகட்டை உரிப்போம். இன்ஜின், கியர் பாக்ஸ் இறங்கிய பிறகு சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, கேஸ் வைத்து வெட்டுவோம். இரும்பு கும்மிடிப்பூண்டி உலைக்குப் போகும். ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர்கள் தேடி வந்து வாங்குவார்கள். அதில் அடித்த அரிவாளுக்குத் தனி மதிப்பு. டயர் காசிமேட்டில் படகு இடிக்காமல் இருக்கத் தொங்கும். எண்ணூர் லேலண்டில் சேஸிஸாகப் பிறந்த வண்டி, கடைசியில் அதே பக்கத்துக்கே இரும்பாகத் திரும்புகிறது. முன்பக்கப் பெயிண்டைச் சுரண்டினால் பழைய எஃப்சி (தகுதிச் சான்று) தேதிகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு உடனே உளியை எடுக்க எனக்கு மனசு வராது.

பஸ் இன்ஜினை விசைப்படகில் போடலாமா? (காசிமேடு)

போடுகிறார்கள். பழைய லேலண்ட் ஆறு சிலிண்டருக்கு அங்கே நல்ல கிராக்கி, காரணம் எலக்ட்ரானிக்ஸ் இல்லாத சாதாரண பம்ப். ஆனால் அப்படியே தூக்கிவைக்க முடியாது. ரேடியேட்டருக்குப் பதில் கடல்நீரில் குளிரும் அமைப்பு வேண்டும், படகுக்கான கியர் வேண்டும். வாங்குமுன் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, விட்டுவிடுங்கள். அடுத்து, ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். புகை குபுகுபு என்று வந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. நடுக்கடலில் நிற்கப்போவது நீங்கள்தான், விற்பவர் இல்லை.

எங்கள் பள்ளிக்குப் பழைய ஆம்னி பஸ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா சார்? (மாதவரம்)

வேண்டாம் மேடம். பள்ளி வண்டிக்குத் தமிழ்நாட்டில் 2012 முதல் தனி விதிகள் உண்டு. 8 வருஷம் தாண்டிய எந்தப் பஸ்ஸுக்கும் எஃப்சி வருஷா வருஷம். மிச்சமான பணம் பட்டறைக்கே போய்விடும்.

மூன்று வருஷம் முன் விற்ற பஸ்ஸுக்கு இப்போது விபத்து நோட்டீஸ் என் பெயருக்கு வருகிறது. நான் என்ன செய்ய? (திருவொற்றியூர்)

ஐயா, இதே அடி எனக்கும் விழுந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்துப் போட்டு ஒரு தரகரிடம் கொடுத்தேன். அவர் பெயர் மாற்றவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து கோர்ட் சம்மன் வந்தது, வீட்டு நகை அடகுக்குப் போனது. ஆர்சியில் யார் பெயரோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கவேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். உடைத்த வண்டியென்றாலும் ஆர்சியை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். வண்டி செத்தாலும் ஆர்சி உயிரோடு இருந்தால் தொல்லை உங்களுக்குத்தான். இப்போதைக்கு விற்ற ரசீது, விபத்தன்று இருந்த இன்சூரன்ஸ் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸுக்குப் பதில் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வியாசர்பாடி டிப்போவில் மின்சார பஸ் வந்துவிட்டதே, இனி உங்கள் தொழில்? (எம்.கே.பி. நகர்)

2025 ஜூன் 30 அன்று 120 வண்டி அங்கிருந்து கிளம்பியதைப் பார்த்தேன், சந்தோஷம்தான். அதுவும் ஒருநாள் பழசாகும். ஆனால் பேட்டரி காயலான் கடைச் சமாச்சாரம் இல்லை. 2022 விதிப்படி, செத்த பேட்டரிக்குத் தயாரித்தவரே பொறுப்பு. பட்டறைப் பையன்களிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்: ஆரஞ்சு நிற வயர் என்றால் உயர் மின்னழுத்தம், கண்ணில் பட்டால் கட்டரைக் கீழே வை, என்னைக் கூப்பிடு.