சுவரில் ஒட்டியிருந்த தோல்

வணக்கம். நேற்றிரவு விளக்கடியில் சுவரில் ஒரு பூச்சி. சாம்பல் நிறம், வால்பக்கம் மயிரிழை போல மூன்று. ஈசல் என்றுதான் நினைத்தேன். காலையில் பார்த்தால் அதே இடத்தில் வெறும் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்துவிட்டதா? ஒரே நாள் வாழும் பூச்சி என்பார்களே, அதுவா இது?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சாகவில்லை. தோலை உரித்துவிட்டுப் பறந்துவிட்டது. நீங்கள் பார்த்தது மேஃப்ளை என்னும், தண்ணீரில் வளர்ந்து வெளியே வரும் பூச்சி.

ஈசலுக்கு வாலிழை கிடையாது. அதன் நான்கு சிறகும் ஏறக்குறைய ஒரே அளவு. உட்கார்ந்தால் முதுகின்மேல் படிந்து கிடக்கும். மேஃப்ளையால் அப்படி மடிக்க முடியாது, மேல்நோக்கி நிமிர்த்தியே வைத்திருக்கும். முன்சிறகு பெரிது, பின்சிறகு சின்னது. சில வகைகளில் பின்சிறகே இருக்காது. வாலிழை இரண்டாகவும் இருக்கலாம், அதனால் சிறகைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தத் தோலைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பறக்கும் சிறகு வந்துவிட்டால் மற்ற பூச்சிகளுக்குத் தோல் உரிப்பது அத்தோடு சரி, முடிந்தது. இன்றுள்ள பூச்சிகளில் மேஃப்ளை இனம் மட்டும்தான் அதற்குப் பிறகும் ஒருமுறை உரிக்கிறது. தண்ணீரை விட்டு வந்ததும் சிறகு மங்கலாக, ஓரத்தில் நுண்மயிரோடு இருக்கும். எங்காவது ஒதுங்கி உட்கார்ந்து அதையும் கழற்றிவிட்டால் பளபளப்பான, ஊடுருவித் தெரியும் சிறகு. லென்ஸ் இருந்தால் பாருங்கள்: முதுகில் பிளவு, ஒவ்வொரு காலுக்கும் உறை, அந்த மெல்லிய வாலிழைக்குக்கூட உறை. எனக்கு இது எப்போதும் அதிசயம்தான்.

ஒரு நாள் வாழ்க்கை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கடைசிக் கட்டம் மட்டுமே. அப்போது வாய் உண்ண உதவாது, குடலில் காற்றுதான். இணைசேர்ந்து முட்டையிடுவது ஒன்றே வேலை. அமெரிக்காவிலுள்ள டொலானியா அமெரிக்கானா என்னும் மேஃப்ளை வகையின் பெண்ணுக்கு அந்தக் கட்டம் 5 நிமிடம்கூட இல்லை. ஆனால் அதற்கு முன் தண்ணீருக்கடியில் பல மாதங்கள், சில வகைகள் 2 ஆண்டு அல்லது அதற்கும் மேல், பாசியும் மக்கிய இலையும் தின்று, திரும்பத் திரும்பத் தோல் உரித்து வளர்ந்திருக்கும். அதையும் ஆயுளில் சேர்க்க வேண்டாமா?

பக்கத்தில் ஓடை இருந்தால் ஒரு கல்லைப் புரட்டுங்கள். அடியில் மேஃப்ளையின் இளம்பூச்சி இருந்தால், அதன் வயிற்றின் இருபக்கமும் செவுள் துடிக்கும், ஒவ்வொரு கால்நுனியிலும் ஒற்றை நகம் இருக்கும். இரண்டு நகம் இருந்தால் அது ஸ்டோன்ஃப்ளை என்னும் வேறொரு பூச்சி. பார்த்து முடித்ததும் கல்லை முன்பிருந்தபடியே வைத்துவிடுங்கள். அப்புறம், இரவில் வெளிவிளக்கு தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு வந்து சுற்றும் பெண்பூச்சி, முட்டையோடு தண்ணீருக்குத் திரும்பாமலே போய்விடும்.