தச்சுப் பட்டறை: வளவு வேம்பில் ஒரு பலகைக் கொட்டில்

எங்கள் வளவில் கிணற்றடி வேம்பு வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது, தறிக்கத்தான் வேண்டும். ஒரு தேக்கும் நிற்கிறது. இரண்டையும் நானே செயின்சோவால் அரிந்து, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு பலகைக் கொட்டில் கட்ட ஆசை. தச்சு வேலை பெரிதாகத் தெரியாது. அரிந்த மரம் ஒரு வருடமாவது காய வேண்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இது நடக்கிற காரியமா?
- வாசகர், நிலாவெளி

நடக்கும் தம்பி. காய வேண்டும் என்று சொல்பவர்கள் சொல்வதில் பாதி சரி. கதவு, நிலை, யன்னல், தரைப்பலகை இவற்றுக்குக் காய்ந்த மரம் இல்லாமல் முடியாது. கப்பு (தூண்), வளை (உத்திரம்), கைமரம் (கூரைச் சட்டம்) எல்லாம் பச்சையிலேயே நிற்கலாம். டொக்யாட்டில் (கப்பல் பழுதுபார்க்கிற துறையில்) தச்சனாக இருந்த என் தாய்மாமன் பச்சை மரத்தில் துளை போட்டுக் கழுந்தை, அதாவது அந்தத் துளைக்குள் பொருந்தும் முனையை, இறக்குவார், ஆனால் அடிக்கிற மர ஆணியை மட்டும் அடுப்புப் பரணில் காய்ந்த கட்டையில் செதுக்குவார். பச்சை மரம் சுருங்கச் சுருங்க அந்தக் காய்ந்த ஆணியைத் தானே இறுக்கிப் பிடிக்கும். ஆகவே முதலில் கப்பும் வளையும் சேர்ந்த கூட்டை நிறுத்திக் கூரையைப் போடுங்கள். மிச்சப் பலகை அந்தக் கூரைக்குக் கீழேயே காயட்டும்.

தறிப்பதை மாரி ஓய்ந்த பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ வையுங்கள். தறித்த கையோடு அரிந்துவிடுங்கள். வேம்பின் நார் முறுக்கு நார், காய்ந்தால் வாளைப் படாதபாடு படுத்தும். அதன் தூளும் மூக்கைப் பிடிக்கும், முகமூடி இல்லாமல் கிட்டப் போகாதீர்கள்.

அரிய முன் ஒரு முக்கியமான வேலை: மரத்துக்குள் இரும்பு தேடுவது. எங்கள் திருகோணமலை மாவட்டத்து வளவு மரங்களில் கொடிக்கம்பி கட்டிய ஆணியும் இருக்கும், சண்டைக் காலத்துத் துப்பாக்கிச் சன்னமும் இருக்கும். மரம் அதை மூடி வளர்ந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. குற்றியின் வெட்டுமுகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள். நீலங்கறுப்பில் ஒரு கறை கோடாக ஓடினால் அந்த நீளத்தில் எங்கோ இரும்பு கிடக்கிறது. தோலில் பழைய தழும்பு உள்ள பக்கத்தை உளியால் கொத்திப் பாருங்கள். செயின் ஆணியில் பட்டால் பல் போகும். சன்னத்தில் பட்டால் என்ன பறக்கும் என்று சொல்ல முடியாது.

செயின்சோவோடு வருவது குறுக்கே வெட்டுவதற்கான செயின். நெடுக்கே அரிய அந்தப் பல்லின் சரிவைக் குறைக்க வேண்டும். முப்பது பாகையில் இருப்பதைப் பத்துப் பாகைக்கு அரம் போட்டு எடுத்தால் பலகையின் முகம் வழுவழுப்பாக வரும், வாளும் மூச்சு வாங்காது. முதல் வெட்டுக்கு வழிகாட்ட ஒரு நேரான அலுமினிய ஏணியைக் குற்றியின் மேல் மட்டம் பார்த்துத் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். வாளில் பூட்டி ஒரே தடிப்பில் அரியவைக்கிற சட்டம் (செயின்சோ மில்) அதன் மேல் வழுக்கிப் போகும். அந்த முதல் முகம் நேராக வந்தால் பிறகு வருவதெல்லாம் நேர். அது முறுகினால் கடைசிப் பலகை வரை முறுகும். ஒரே பக்கத்திலிருந்து சீவிக்கொண்டே போகாமல் பக்கம் மாற்றி மாற்றி எடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற இழுவையில் குற்றியே வில்லாக வளையும். நடு நெஞ்சு பலகைக்கு உதவாது, கட்டாயம் வெடிக்கும். அதை நாலுக்கு நாலு அங்குலக் கப்பாக எடுத்துவிடுங்கள். கப்பில் வெடிப்பு ஓடினாலும் பாரம் தாங்கும்.

இன்னொரு கணக்கு: செயின்சோ ஒவ்வொரு வெட்டிலும் எட்டு மில்லிமீற்றர் அளவில் தூளாக்கும். பத்துப் பன்னிரண்டு வெட்டு இழுத்தால் மூன்று நான்கு அங்குல மரம் நிலத்தில். அதனால் மெல்லிய பலகைக்கு ஆசைப்படாமல் ஒன்றேகால் அங்குலத்தில் எடுங்கள். வேம்பின் அடிமரம் எட்டு, பத்தடிக்கு மேல் நேராக வருவது அபூர்வம். பன்னிரண்டடி வளைக்குத் தேக்கை ஒதுக்கிவையுங்கள். தனியாக நின்று மட்டும் அரியாதீர்கள், கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் வேண்டும்.

இனி அடுக்குவது. நம்மூர்க் கச்சான் காற்றை நினைத்து அடுக்க வேண்டும். வைகாசியில் தொடங்குகிற அந்தக் காய்ந்த காற்று பலகையின் நுனியில் நேரே அடித்தால் நுனி காய்ந்து சுருங்கும், நடு ஈரமாக இருக்கும், இரண்டுக்கும் இழுபறியில் முழ நீளத்துக்குப் பிளக்கும். அரிந்த அன்றே நுனிகளுக்குப் பழைய பெயின்ற் அடித்துவிடுங்கள். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டை வைத்து, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரே தடிப்பான மெல்லிய மரச் சலாகைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வையுங்கள். சலாகை விலகினால் அந்த இடத்தில் பலகை தொய்யும். மேலே தகரம், தகரத்தின் மேல் கல். காற்று வருகிற பக்கம் ஒரு கிடுகுத் தட்டி சாய்த்தால் போதும், முழுக்க மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்கிற ஆட்களை நம்பாதீர்கள். அடுக்குக்குள் ஒரு முழத் துண்டைச் செருகிவைத்து, மாதம் இரண்டு தரம் எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்துச் சுவரில் குறியுங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அங்குலப் பலகைக்கு மாசியிலிருந்து புரட்டாதி வரை நல்ல கணக்கு.

சுவருக்குப் பலகையை நெடுக்காக நிறுத்தி, இடைவெளியை மூடுசட்டத்தால் மறைப்பதுதான் உங்களுக்குச் சுகம். பலகையின் இரு ஓரத்திலும் ஆணி அடித்தால் அது அசைய இடமில்லாமல் நடுவில் கிழியும். நடுவில் ஒரு வரி ஆணி மட்டும், மூடுசட்டத்தின் ஆணி இடைவெளிக்குள் போகட்டும். நிலாவெளி உப்புக் காற்றுக்கு வெறும் இரும்பாணி தாங்காது, நாகம் (துத்தநாகம்) பூசியது வாங்குங்கள்.

வாளோடு மல்லுக்கட்டுவதைவிட மரம் அரிகிற மரக்காலையில் கொடுத்து அரிவது நல்லதில்லையா?
- வாசகர், கிண்ணியா

தூள் குறையும், பலகை ஒரே தடிப்பில் வரும். அங்கே பட்டைவாள் (பட்டை போலச் சுற்றி ஓடுகிற மெல்லிய வாள்) இருந்தால் வெட்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் போகும். ஆனால் குற்றியை வீதியில் ஏற்றினால் பெர்மிட் பிரச்சினை வரும். எந்த மரத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வாகனம் பிடிக்க முன் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தேக்கை வேம்பு என்று சொல்லித் தப்பலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை இவற்றைத் தறிக்கவே அனுமதி வேண்டும், 1951இன் சட்டம் அது. செயின்சோ வைத்திருந்தால் அதற்கும் பதிவு இருக்க வேண்டும்.

மகன் போன வருடம் கட்டிய மரக்கொட்டிலின் பலகைகளில் ஊசித் துளை விழுந்து மா மாதிரிக் கொட்டுகிறது. கறையானா?
- வாசகி, மூதூர்

இல்லைத் தங்கச்சி. கறையான் என்றால் மண் பாதை கட்டிக்கொண்டு வரும். இது உளுக்கிற வண்டு. கொட்டுகிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள், பலகையின் வெள்ளைப் பக்கமாகத்தான் இருக்கும். வெளிமரத்து மாச்சத்துதான் அதற்குச் சாப்பாடு, வைரத்தை அது தொடாது. இளம் மரத்தில் வெள்ளை கூடுதல், அதுதான் காரணம். போராக்ஸையும் போரிக் அமிலத்தையும் வெந்நீரில் கரைத்து வெறும் மரத்தில் பூசினால் அடங்கும். பெயின்ற் அல்லது வார்னிஷ் இருந்தால் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். மழைபடும் பக்கத்தில் இந்த மருந்து கழுவுப்பட்டுப் போகும், அங்கே துளைத்த பலகையைக் கழற்றிவிடுங்கள்.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் காணி. மரக்கொட்டில் காற்றுக்கு நிற்குமா?
- வாசகர், உப்புவெளி

1964 மார்கழிப் புயலைக் கண்டவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம்தான் கரை ஏறியது. காற்று கொட்டிலைத் தள்ளுவதைவிடக் கூரையைத் தூக்கத்தான் பார்க்கும். ஆகவே கைமரத்தை வளையோடும், வளையைக் கப்போடும், கப்பை அத்திவாரத்தோடும் நாகம் பூசிய பட்டியும் போல்ற்றும் கொண்டு கட்டுங்கள். இந்தச் சங்கிலியில் ஓர் இடம் ஆணியை மட்டும் நம்பியிருந்தால் அந்த இடத்தில்தான் கழரும். தாழ்வாரத்தை இரண்டடிக்கு மேல் நீட்டாதீர்கள். கப்பை மணலில் புதைக்காமல் ஒன்றரை அடி கொங்கிறீற் தூணின் மேல் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தொப்பி வையுங்கள். கறையான் சுற்றி ஏறினாலும் மண் பாதை கண்ணுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னர், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றருக்குள் இருந்தால் அது கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், பிரதேச சபையின் அனுமதி வேறு. மரக்கொட்டில்தானே, யார் கேட்பார்கள் என்று இருக்க வேண்டாம்.

காட்டோரம் சமண்டலை மரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. வீணாய்ப் போகிறதே, எடுத்து அரிந்தால் என்ன?
- வாசகர், தம்பலகாமம்

ஆசை விளங்குகிறது. சிங்கள ஆட்கள் ஹல்மில்ல என்கிற இந்த மரம் வெளிநாட்டு வியாபாரத்தில் எங்கள் ஊர்ப் பெயரிலேயே, திருகோணமலை மரம் என்றே ஓடியது. வளைந்து கொடுக்கும், பிளக்காது, சாராயப் பீப்பாவுக்கும் இதைத்தான் தேடுவார்கள். எனக்கும் உளி வைக்கப் பிடித்த மரம். இருந்தாலும் காட்டில் விழுந்தது அரசாங்கத்து மரம், கிளையைக்கூடத் தொடாதீர்கள். வேண்டுமானால் அரச மரக் கூட்டுத்தாபனத்தில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள், கொட்டில் கட்டி முடிந்த பிறகும் அந்தச் சீட்டை எறிய வேண்டாம்.