எம்.பி.ஏ.வும் வேண்டாம், நாடகத்தை நிறுத்தவும் வேண்டாம்

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு அண்ணா வீட்டம்மாவோடு வந்திருந்தார். மகள் கோவையில் பூச்சியியல் எம்.எஸ்சி. சனிக்கிழமையானால் ஒரு நாடகக் குழுவில் பயிற்சிக்குப் போய்விடுகிறாள். "பேச்சே வராத புள்ளைங்க. பங்காளி ஊட்டுல எல்லாரும் 15 லட்சம் கட்டி எம்.பி.ஏ. சேர்த்துட்டா பேச்சும் வரும், சம்பளமும் வரும்ங்கறாங்க. இவ கூத்துக் கட்டிட்டுத் திரியறா." அவருக்குச் சொன்னது இது.

அண்ணா, அந்தப் பங்காளிகளில் யாராவது 15 லட்சம் கடனுக்கு வட்டி கட்டப் போகிறார்களா? பூச்சி பார்க்கப் பிடித்த பெண்ணை மார்க்கெட்டிங்கில் உட்கார வைத்துத்தான் பேச்சு வரவேண்டும் என்பதில்லை. அவள் போகிற பயிற்சியே அதற்கானதுதான்.

இம்ப்ரொவைசேஷன் என்பார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது. எதிரே நிற்பவர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு அந்த நிமிடத்தில் நடிப்பது. அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா 1993 முதல் 2005 வரை தொலைக்காட்சியில் விஞ்ஞானிகளைப் பேட்டி எடுத்தவர். அவர் முயற்சியில் 2009-இல் நியூயார்க் மாநிலத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மையமே தொடங்கினார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அங்கே இந்தப் பயிற்சி நடக்கிறது. நடிகராக்குவதற்கு அல்ல, எதிராளியைக் கவனிக்க வைப்பதற்கு.

முதலில் கண்ணாடி விளையாட்டு. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் கையை அசைக்க, மற்றவர் பிம்பம்போல் கூடவே அசைக்க வேண்டும். பின்தொடர்பவர் தடுமாறினால் தப்பு முன்னால் போகிறவர் மீது; அவர்தான் வேகத்தைக் குறைக்கவேண்டும். கேட்பவருக்குப் புரியவில்லையென்றால் பேசுகிறவர்தான் பொறுப்பு என்பது இப்படி உடம்பிலேயே பதிகிறது. அடுத்த விதி, எதிராளி சொன்னதை வெட்டாமல் 'ஆமாம்' என்று வாங்கி, மேலே ஒன்றைச் சேர்ப்பது. அண்ணமார் கதைக்கு உடுக்கடிக்கிறவர் பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சிரமமா என்ன!

2016-இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ இறங்கியதே, ஓலையெல்லாம் கரும்பூசணம். விவசாயி கேட்டது மருந்து. பூச்சியியல்காரர் சொல்லவேண்டியதோ, "மருந்தடிக்காதீங்க, என்கார்சியாங்கற சின்னக் குளவி அதை அழிக்கும், மருந்து அதையும் கொன்னுரும்" என்பது. இதைப் பயிற்சியில் இரண்டு பேர் நடிக்கட்டும். "குளவி வர்றதுக்குள்ள மரம் போயிருமுங்க" என்கிறார் விவசாயி. ஸ்லைடு போட்டுத் தப்பிக்க முடியாது. "ஆமாங்க, இந்தக் கரும்பூசணத்தைப் பார்த்தா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைச்சுக் காய்ச்சி அடிங்க, காஞ்சு உரிஞ்சு விழுந்துரும்" என்று ஆரம்பித்தால்தான் அப்புறம் குளவிக் கதைக்கு அவர் காது கொடுப்பார். பாதியில் வேடத்தை மாற்றிவிடுவார்கள், விஞ்ஞானி விவசாயியாகிறார். அப்போதுதான் தன் பேச்சு எப்படிக் காதில் விழுகிறது என்று தெரியும்.

இதற்குச் சம்பளம் தருகிற இடம் உண்டு. வேளாண் அறிவியல் நிலையம், அதாவது கே.வி.கே. நாட்டிலேயே முதலாவது 1974-இல் புதுச்சேரியில், நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் வந்தது. கோபியில் ஒன்று, காரமடையில் ஒன்று இருக்கின்றன. பாடவாரி வல்லுநர் பதவிக்கு அந்தத் துறையில் முதுகலைப் பட்டம் வேண்டும். ஆராய்ச்சியைத் தோப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. எந்நேரமும் ஆள் எடுக்கமாட்டார்கள், அறிவிப்பு வரும்வரை பொறுக்கவேண்டும். நாடகம் மட்டும் வேலை வாங்கித் தராது. ஆய்வேடு ஒழுங்காக முடியவேண்டும். அதை மட்டும் அம்மணியிடம் கறாராகச் சொல்லுங்கள்.

இதைச் சாக்காக வைத்து 'கம்யூனிகேஷன் கோர்ஸ்' என்று 50,000 கேட்கிறவனுக்கும் கொடுக்காதீர்கள். எம்.பி.ஏ.வுக்கு முன்பணம் கட்டியிருந்தால் சேர்க்கை முடிவதற்குள் எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள், ரசீது பத்திரம். தோட்டத்துப் பத்திரம் பீரோவைவிட்டு வெளியே வரவேண்டாம்.