பெனின்காரர் தின்னாத அரிசி

(வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் முந்திரிப் பருப்பு விலை ஏறியதைப் பற்றிச் சொல்லும்போது பெனின் என்ற ஆப்பிரிக்க நாட்டின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்தது. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, அதுவும் பெரும்பாலும் குமரி மாவட்டத்திலிருந்து. சரி, இந்த முறை முழுக்க அந்தப் பக்கமே போய்வருவோம்.

கேள்வி: நம் நாட்டிலிருந்து பாசுமதி அல்லாத அரிசியை அதிகம் வாங்குகிற நாடுகளில் பெனினும் ஒன்று என்று பேப்பரில் படித்தேன். வரைபடத்தில் தேடினால் ஒல்லியாக ஒரு கீற்று. அவ்வளவு அரிசியை யார்தான் தின்கிறார்கள்?
— அரிசிக் கடைக்காரர், களியக்காவிளை

களியக்காவிளையில் கடை வைத்துக்கொண்டு நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா அண்ணாச்சி? நம்ம பக்கத்து ரேஷன் அரிசி ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போய், பாலிஷ் போட்டு, வேறு சாக்கில் ஏறி, வேறு விலைக்கு விற்கிற கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு வண்டியாவது பிடிபட்டதாகச் செய்தி வருகிறது, பிடிபடாதது எத்தனையோ. அதே கதையை இரண்டு நாடுகளுக்கு நடுவில், கப்பல் கணக்கில் நினைத்துப் பாருங்கள், பெனின் புரிந்துவிடும்.

பெனின் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது, மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்குள்தான். கிழக்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது நைஜீரியா, 20 கோடிக்கும் மேல் ஜனம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் எல்லை. பெனினின் துறைமுக நகரமான கோட்டோனுவிலிருந்து நைஜீரியாவின் லாகோஸுக்குச் சாலை வழி 120 கிலோமீட்டர்தான் இருக்கும், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய் இன்னும் ஒரு ஐம்பது கிலோமீட்டர் போனால் எவ்வளவோ அவ்வளவு.

இப்போது அரிசி. நைஜீரியா தன் விவசாயிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று கப்பலில் வரும் அரிசிக்கு 70 சதவீதம் வரி போட்டது. 2015இல் அரிசி இறக்குமதிக்கு வங்கியில் டாலர் கிடையாது என்றது. 2016இல் தரை வழியாக அரிசி வரவே கூடாது என்றது. பெனினிலோ அரிசிக்கு வரி குறைவு. அப்புறம் என்ன, ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் கிளம்புகிற கப்பல் லாகோஸுக்குப் போகாமல் கோட்டோனுவில் மூட்டையை இறக்கும். அங்கே கிடங்கு. கிடங்கிலிருந்து பின்சீட்டைக் கழற்றிப்போட்ட பழைய கார், இரண்டு மூன்று மூட்டையை அடுக்கிக் கட்டிய மோட்டார் சைக்கிள், காயல் வழியாகப் பெனினின் போர்ட்டோ நோவோவிலிருந்து நைஜீரியாவின் பதாக்ரி பக்கம் போகிற படகு. எல்லையைத் தாண்டிவிட்டால் அது நைஜீரியாக்காரன் வீட்டுச் சோறு.

இதற்கு அரிசியே சாட்சி. பெனின் மக்களுக்குப் பச்சரிசிதான் பழக்கம். நைஜீரியாவில் தக்காளி, மிளகாய் போட்டுச் செய்கிற ஜொல்லாஃப் சோற்றுக்குக் குழையாத புழுங்கல் அரிசி வேண்டும். பெனின் இறக்கிக் குவிக்கிறதோ புழுங்கல் அரிசி! தான் தின்னாத அரிசியை ஒரு நாடு மலையாக வாங்குகிறது என்றால் அது யாருக்கென்று கேட்கவும் வேண்டுமா? பெனினின் சுங்கக் கணக்கில் ஒன்று இருக்கும், நைஜீரியாவின் சுங்கக் கணக்கில் வேறொன்று இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து இரு நாட்டு வணிகம் இவ்வளவு என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. இதைக் கடத்தல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் எனக்கு மனசில்லை. கோட்டோனுவில் இறக்கும்போது முறையாக வரி கட்டிய சரக்கு அது, பெனின் அரசின் வருமானத்தில் அந்தத் துறைமுகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மூட்டை எல்லைக்கோட்டைத் தாண்டிய நொடியில்தான் திருட்டுச் சரக்காகிறது.

அரிசி மட்டும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடித் தேய்ந்த பழைய கார்கள், நைஜீரியா இறக்குமதியைத் தடை செய்திருக்கிற உறைந்த கோழி, எல்லாம் இதே வழிதான். காருக்கும் தரை வழி கூடாது என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கொசுறு. 2024 கடைசியில் காக்கிநாடாவில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகவிருந்த ஒரு கப்பலில் ரேஷன் அரிசி ஏறியிருக்கிறது என்று பெரிய ரகளை நடந்தது, நினைவிருக்கும். இங்கே எல்லை தாண்டக் கூடாத அரிசி, அங்கே போய் இன்னொரு எல்லையையும் தாண்டியிருக்குமோ என்னவோ.

கேள்வி: கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் அந்தப் பக்கத்து வண்டிகள் இங்கே வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. ஆப்பிரிக்காவிலும் இப்படி உண்டா?
— ஆட்டோ ஓட்டுநர், பளுகல்

உண்டாவது! அங்கே டேங்க் நிரப்பும் கணக்கெல்லாம் இல்லை, ஒரு நாடே அப்படி ஓடியது. நைஜீரியா எண்ணெய் வளம் உள்ள நாடு, பல வருடமாக அரசு மானியம் கொடுத்துப் பெட்ரோலை மலிவாக விற்றது. அந்த மலிவுப் பெட்ரோல் கேனிலும் படகிலும் பெனினுக்கு வந்து, சாலையோரத்தில் பெஞ்சு போட்டு, கண்ணாடிப் பாட்டிலிலும் வயிறு பெருத்த கண்ணாடிக் குடுவையிலும் விற்கப்படும். அதற்குப் பெயர் க்பாயோ, அசல் இல்லாதது என்று அர்த்தம். பங்க் வைத்திருந்தவர்கள் ஈ ஓட்டினார்கள். ஒரு வண்டியில் நாலு பக்கமும் கேன் கட்டி அதன் நடுவில் உட்கார்ந்து ஓட்டுகிற ஆளை நினைத்துப் பாருங்கள், வெடிகுண்டின் மேல் உட்கார்ந்த மாதிரி. 2023 செப்டம்பரில் எல்லையோரமுள்ள செமே பகுதியில் இப்படிக் கடத்திய பெட்ரோல் கிடங்கு தீப்பிடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பே காற்று மாறியிருந்தது. 2023 மே 29ஆம் தேதி நைஜீரியாவின் புதிய அதிபர் போலா தினுபு பதவியேற்ற மேடையிலேயே பெட்ரோல் மானியம் இனி கிடையாது என்றார். நைஜீரியப் பணத்தில் லிட்டர் 200 நைராவுக்குள் இருந்தது ஒரு சில நாளில் 500ஐத் தொட்டது. லாகோஸ்காரன் அழுதது சரி, கோட்டோனுவில் டாக்சி ஓட்டுகிறவனும் சேர்ந்து அழுதான். நீங்கள் ஆட்டோக்காரர், உங்களுக்குப் புரியும்: ஓட்டுப் போடாத ஊரின் அதிபர் உங்கள் மீட்டரைத் தீர்மானித்தால் எப்படி இருக்கும்?

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குள் தடையில்லா வணிகத்துக்கு எகோவாஸ் கூட்டமைப்பு இருக்கிறதே, பிறகு எப்படி நைஜீரியா எல்லையை மூடியது?
— பொருளாதாரம் படிக்கும் மாணவி, நாகர்கோவில்

எகோவாஸ் உருவானதே 1975இல் லாகோஸில் போட்ட ஒப்பந்தத்தில்தான். உறுப்பு நாட்டில் விளைந்தது, செய்தது என்றால் வரியில்லாமல் போகலாம் என்கிறது அதன் விதி. நைஜீரியா கேட்டது இதைத்தான்: தாய்லாந்து அரிசியும் இந்திய அரிசியும் பெனினில் எப்போது விளைந்தன? கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்காக 2019 ஆகஸ்டில் அப்போதைய அதிபர் முகமது புகாரியின் அரசு எல்லையில் சரக்குப் போக்குவரத்தை ஒட்டுமொத்தமாக நிறுத்தியதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கடத்தல் அரிசியோடு பெனின் விவசாயி சொந்த நிலத்தில் விளைவித்த அன்னாசியும் லாரியில் நின்று அழுகியது. அந்த அன்னாசிக்கு எகோவாஸ் விதிப்படி வழி உண்டு, ஆனால் விதியைப் படித்துப் பார்த்து லாரியை விட யார் அங்கே இருந்தார்கள்? நைஜீரியாவுக்குள்ளும் அரிசி விலை ஏறியது. மோட்டார் சைக்கிள் பாதைகள் மூடவில்லை, லஞ்சம்தான் கூடியது.

2020 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள், முதலில் செமே உட்பட நாலு சாவடிகள். அடுத்த பதினைந்து நாளில், 2021 ஜனவரி 1 அன்று, ஆப்பிரிக்கா முழுமைக்குமான தடையில்லா வணிக ஒப்பந்தத்தின்படி வணிகம் தொடங்கியது. கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை சம்பந்தியோடு பேச்சுவார்த்தை இல்லை என்கிற மாதிரி!

எல்லை மூடினால் என்ன ஆகும் என்பதைக் குமரியில் நாம் 2020 ஊரடங்கில் ஒருமுறை பார்த்துவிட்டோம். பாறசாலையில் பெண் கொடுத்தவர்களும் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகிறவர்களும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். 1956 நவம்பர் 1க்கு முன் ஒரே திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்த இடம் இது. அங்கேயும் அப்படித்தான், யோருபா பேசுகிற ஒரே சனத்தின் நடுவில் பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். அத்தை வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு மூட்டை அரிசி கொண்டுபோனால் அது உறவா ஏற்றுமதியா?

கேள்வி: இருபது வருடமாக அண்டி ஆபீஸில் வேலை. பெனின் கொட்டை இனி வராது என்று முதலாளி சொல்கிறார். உண்மையா?
— முந்திரித் தொழிலாளி, கருங்கல்

பாதி உண்மை அக்கா. உடைக்காத பச்சை முந்திரிக்கொட்டை ஏற்றுமதியை 2024 ஏப்ரல் முதல் பெனின் தடை செய்தது. கொட்டையை வெளியே அனுப்பிவிட்டு உடைக்கிற கூலியையும் பருப்பின் லாபத்தையும் அடுத்தவனுக்கு ஏன் விட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம், அதற்காகவே கோட்டோனுவுக்கு அருகில் குளோ ஜிக்பே என்ற இடத்தில் பெரிய தொழிற்பேட்டை வைத்து அங்கேயே உடைக்கிறார்கள். அந்த அடுத்தவன் வியட்நாம்காரனும் நாமும்தான். கொல்லம், குமரி ஆலைகள் எல்லாம் உள்ளூர்க் கொல்லாமரத்தை நம்பி நடந்த காலம் எப்போதோ போய்விட்டது. கப்பலில் வருகிற ஆப்பிரிக்கக் கொட்டை நின்றால் உங்கள் கையும் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். அவர்கள் செய்வது தப்பு என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

பெனின் ஒரு கடைதான், வேறு கடைகள் இருக்கின்றன. ஐவரி கோஸ்ட்தான் உலகத்திலேயே அதிகம் விளைவிக்கிறது. அங்கேயும் ஒரு வேடிக்கை, கொட்டையைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் அனுப்பலாம், தரை வழியில் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். பக்கத்து கானாவில் விலை நன்றாக இருக்கிற வருடம் கொட்டைக்குக் கால் முளைத்துவிடும். அதனால் உங்கள் ஆலைச் சாக்கில் கானா என்று எழுதியிருந்தால் அதைக் கானாவின் மரம்தான் காய்த்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஒரு வருடம் இந்த ஊர்க் கொட்டை, அடுத்த வருடம் அந்த ஊர்க் கொட்டை என்று வரும், விலை முன்பின் இருக்கும். முதலாளி கூலி உயர்வைத் தள்ளிப்போட இதையே காரணமாகச் சொன்னால், எந்த நாட்டுக் கொட்டை என்ன விலைக்கு வந்தது என்று சங்கத்தில் பில்லைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு நாட்டுக்கும் ஒரே பணமா?
— வாசகர், தக்கலை

இல்லை. நைஜீரியாவில் நைரா, பெனினில் சீஃபா பிராங்க். சீஃபா யூரோவோடு கட்டிப்போட்ட பணம், ஒரு யூரோவுக்கு 655.957, அதில் அசைவில்லை. நைராவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று 2023 ஜூனில் விட்டார்கள், டாலருக்கு 460 சொச்சத்தில் இருந்தது 2024 தொடக்கத்தில் 1,500ஐத் தாண்டியது. நைரா சரிந்ததும் வியாபாரமே திரும்பிக்கொண்டது. பெனினிலிருந்து போகிற சரக்கு லாகோஸ்காரனுக்குக் கட்டுப்படியாகவில்லை, நைஜீரியத் தானியம் மலிந்து வெளியே கசிந்தது. எல்லையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோட்டு மாற்றித் தருகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம்.

கேள்வி: வளைகுடாவிலிருந்து திரும்பிவிட்டேன். கோட்டோனுவில் ஒரு கடை போட்டால் பிழைக்கலாமா?
— வாசகர், தேங்காய்ப்பட்டணம்

இந்திய வியாபாரிகள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள் தம்பி, அரிசியிலும் முந்திரியிலும். பிரெஞ்சு படிக்க வேண்டும், சந்தைக்கு ஃபோன், யோருபா என்கிற உள்ளூர் மொழிகளும் கொஞ்சம் வேண்டும், முதல் நிறைய வேண்டும். எல்லாம் இருந்தால் போங்கள். விலைப் பலகையை மட்டும் பெயின்டில் எழுதிவிடாதீர்கள், சாக்பீஸ் போதும். நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ராத்திரி ஒரு அறிவிப்பு வந்தால் காலையில் அழித்து எழுத வேண்டியிருக்கும்.